ஒட்டிய உறைக்கு ஏது கட்சி?

போன மாதம் மேற்கு மாம்பலத்தில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். படம் காட்டுவதற்காக என் செல்போனைக் கொடுத்தபோது, திரையில் இருந்த சிக்னல் என்ற செய்தி அனுப்பும் செயலி அவர் கண்ணில் பட்டுவிட்டது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்: "என்னம்மா, ஏதாவது இயக்கத்தில் சேர்ந்துவிட்டாயா?"

கேலியாகக் கேட்கவில்லை, கவலைப்பட்டுக் கேட்டார். தி.நகரில் செருப்பு வாங்கிவிட்டு, பில் போடுபவரிடம் செல்போன் எண் தர விருப்பமில்லை என்று சொன்னாலும் இப்படித்தான் பின்னால் நிற்பவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். வாடிக்கையாளரின் எண்ணைக் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறையே 2023-இல் கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. இருந்தும் மறுப்பவர் மேல் ஏதோ ஒரு முத்திரை விழுந்துவிடுகிறது. ஒரு செயலியிலும் ஒரு பத்து இலக்க எண்ணிலும் அரசியல் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொள்கிறது? அதைப் புரிந்துகொள்ள அந்தச் செயலிக்குள் ஓடும் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

பெரியப்பா அஞ்சல் துறையில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மளிகைக் கடை ரசீது ஒன்றைத் திருப்பிப் போட்டு 17, 3 என்று எழுதினேன். "இந்த இரண்டும் ஊருக்கே தெரியட்டும், பெரியப்பா. நீங்கள் மனதுக்குள் ஒரு சின்ன எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றை அத்தனை முறை எழுதிப் பெருக்கி, 17-ஆல் வகுத்து, மீதியை மட்டும் சொல்லுங்கள்."

அவர் நினைத்தது 4. நான்கு மூன்றுகளைப் பெருக்கினால் 81. 17-ஆல் வகுக்க மீதி 13. "பதின்மூன்று" என்று உரக்கச் சொன்னார். நான் நினைத்தது 6. ஆறு மூன்றுகளின் பெருக்கல் 729, மீதி 15. நானும் உரக்கச் சொன்னேன். சமையலறையில் இருந்த பெரியம்மாவுக்கு இரண்டும் கேட்டன. அடுத்து, நான் சொன்ன 15-ஐ அவர் நான்கு முறை எழுதிப் பெருக்கினார்: 50,625. மீதி 16. அவர் சொன்ன 13-ஐ நான் ஆறு முறை எழுதிப் பெருக்கினேன்: 48,26,809. மீதி 16.

இருவர் காகிதத்திலும் 16. ஆனால் அந்த எண்ணை இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை. பெரியப்பா பென்சிலை வைத்துவிட்டு இன்னொரு முறை வகுத்துப் பார்த்தார்.

பெரியம்மாவுக்கு 17, 3, 13, 15 ஆகிய நான்கும் தெரியும். 16-ஐப் பிடிக்க வேண்டுமானால் எங்கள் மனதில் இருந்த 4 அல்லது 6 அவருக்குத் தெரிய வேண்டும். சின்ன எண்கள் என்பதால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துச் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடலாம். வாட்ஸ்அப்பும் சிக்னலும் இதே யோசனையை ஒரு வளைகோட்டின் புள்ளிகளை வைத்துச் செய்கின்றன. அங்கே புழங்கும் எண்கள் 77 இலக்கம் வரை நீள்பவை. முன்னோக்கிப் போவது செல்போனுக்கு நொடிப் பொழுதின் வேலை. மீதியிலிருந்து பின்னோக்கி வருவதற்கு, இன்றுள்ள எல்லாக் கணினிகளையும் சேர்த்து ஓட்டினாலும் முடியாது. இப்படி இருவருக்கு மட்டும் பொதுவாகக் கிடைக்கும் ரகசிய எண்ணிலிருந்துதான் செய்தியைப் பூட்டும் சாவி பிறக்கிறது. நடுவில் இருக்கும் சர்வருக்குக் கிடைப்பது பூட்டிய பெட்டி மட்டுமே.

இந்தக் கணக்கை 1976-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் வெளியிட்டார்கள். அதுவரை ரகசியமாக எழுதிக்கொள்ள விரும்பும் இருவர் முன்கூட்டியே சாவியைக் கைமாற்றியிருக்க வேண்டும். தூதரகத்துக்கும் ராணுவத்துக்கும் அது முடியும். மாம்பலத்தில் இருக்கும் பெரியப்பாவுக்கும் அவர் தம்பி மகளுக்கும் முடியாது. 1976-க்குப் பிறகு, முன்பின் அறியாத இருவர்கூட ஊரறியப் பேசியே ஒரு ரகசியத்தை உருவாக்கிக்கொள்ளலாம் என்றானது. அரசுகளிடம் மட்டும் இருந்த ஓர் ஆற்றல் எல்லோருக்கும் வந்துவிட்டது. அரசியல் நுழைந்த இடம் இதுதான் என்று நினைக்கிறேன். அமெரிக்கா அப்போது செய்தியை இப்படிப் பூட்டும் வலுவான மறையாக்க மென்பொருளை ஆயுதப் பட்டியலில் வைத்திருந்தது. 1991-இல் அமெரிக்க நிரலாளர் பில் சிம்மர்மன் பிஜிபி என்ற மறையாக்க மென்பொருளை இலவசமாக வெளியிட்டார். அது கடல் கடந்து பரவியதற்காக அவர்மேல் மூன்று ஆண்டுகள் விசாரணை நடந்து, 1996-இல் வழக்கே இல்லாமல் கைவிடப்பட்டது.

"சரி, தப்பு செய்பவனுக்கும் இதே பூட்டுதானே?" என்றார் பெரியப்பா. நியாயமான கேள்வி. இதைத் தட்டிக்கழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2018 மே மாதம், சென்னையிலிருந்து திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டியைக் குழந்தை கடத்துபவர் என்று நினைத்து ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. அந்த வதந்தி வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்த நேரம் அது. வதந்தியை முதலில் கிளப்பியவர் யார் என்று கேட்பதில் என்ன தவறு?

அந்தக் கேள்வி பெரிய அளவில் அலசப்பட்டது நம் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான். 2018-இல் தொடங்கிய ஒரு வழக்கில், சென்னை ஐஐடி பேராசிரியர் வி. காமகோடி ஒரு வழி சொன்னார்: முதலில் அனுப்பியவரின் எண் செய்தியோடு சேர்ந்தே பயணிக்கட்டும், வேண்டுமானால் அந்த எண்ணையும் பூட்டி, சாவியை நிறுவனத்திடம் வைத்து, நீதிமன்றம் கேட்கும்போது திறக்கட்டும். மும்பை ஐஐடி பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் இதை எதிர்த்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021-இல் மத்திய அரசின் தகவல் தொழில்நுட்ப விதிகள், முதலில் அனுப்பியவரை அடையாளம் காட்டும் வசதியைப் செய்தி அனுப்பும் செயலிகளை நடத்தும் பெரிய நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கின. வாட்ஸ்அப் அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

காமகோடியின் நோக்கத்தில் எனக்குக் குறை இல்லை. சிக்கல் கணக்கில் இருக்கிறது. வேறெங்கோ பார்த்த வதந்தியைப் படம் பிடித்துப் பதறிப்போய் உறவினருக்கு அனுப்பும் அப்பாவிதான் அந்த வழியில் "முதல் ஆள்" ஆவார். எழுதியவர் தப்பிவிடுவார். அதைவிடப் பெரிய சிக்கல், வாசல் என்று ஒன்று வைத்துவிட்டால் வருபவர் போலீஸ்காரரா திருடரா என்று பார்க்கக் கணக்குக்குக் கண் கிடையாது. கிரேக்கத்தில் சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்காகத் தொலைபேசி இணைப்பகத்துக்குள் வைத்திருந்த வசதியை யாரோ கைப்பற்றி, 2004, 2005-இல் பல மாதங்கள் நாட்டின் பிரதமர் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் பேச்சைக் கேட்டார்கள். வதந்தியின் வேகத்தைக் குறைக்கப் பூட்டை உடைக்காத வழிகளும் உண்டு. அதே 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அதற்காக யாரும் பார்க்கத் தேவைப்படவில்லை.

பெரியப்பாவின் முதல் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. "நீங்கள் வாட்ஸ்அப் வைத்திருக்கிறீர்களே, அதிலும் இதே கணக்குதான் ஓடுகிறது. 2016 ஏப்ரலிலிருந்து உங்கள் ஒவ்வொரு செய்தியும் பூட்டித்தான் போகிறது" என்றேன். நம்பவில்லை. இத்தனை ஆண்டுகளாக அவரும் அதே பூட்டைத்தான் போட்டு வந்திருக்கிறார். யாரும் அவரை எந்த இயக்கம் என்று கேட்கவில்லை. காரணம், அவர் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. நூறு கோடிப் பேருக்கும் சேர்த்துத் தானாகவே போடப்பட்ட பூட்டு அது. டெலிகிராமில் சாதாரண உரையாடலுக்கு, அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே திறக்கக்கூடிய இந்த முனைக்கு முனை பூட்டு கிடையாது. "ரகசிய உரையாடல்" என்பதைத் தேடிப் போய்த் தொட வேண்டும். தேடிப் போய்த் தொடுகிற அந்த விரல்தான் பார்ப்பவர் கண்ணுக்கு அரசியலாகத் தெரிகிறது.

சிலர் மட்டும் பூட்டினால் அந்தப் பூட்டே அவர்களைக் காட்டிக்கொடுக்கும் என்பது கணினி அறிவியலில் நன்றாக அறிந்த விஷயம். யார் எந்தத் தளத்துக்குப் போகிறார் என்பதை, வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காகப் பூட்டி மறைக்கும் டார் வலையமைப்பின் வேர் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் இருக்கிறது. கடற்படை மட்டும் அதைப் பயன்படுத்தினால், அதில் வருகிற ஒவ்வொருவரும் கடற்படைக்காரர் என்று தெரிந்துவிடும். அதனால்தான் அதை உலகுக்கே திறந்துவிட்டார்கள். 2013 டிசம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு டார் வழியாகப் பொய் வெடிகுண்டு மிரட்டல் அனுப்பிய மாணவர் பிடிபட்டதும் இதே காரணத்தால்தான். அவர் போட்ட பூட்டை யாரும் உடைக்கவில்லை. அந்த நேரத்தில் வளாக இணையத்தில் டார் பயன்படுத்தியவர்கள் வெகு சிலரே. அந்தச் சிலரில் ஒருவராக அவரை விசாரித்தார்கள்.

"தபால்பெட்டியில் ஒட்டிய உறைதானே எல்லோரும் போடுவார்கள்? என்ன மறைக்கிறாய் என்று நாங்கள் யாரையும் கேட்டதில்லையே" என்றார் பெரியப்பா. ஊரில் எல்லோரும் அஞ்சலட்டையில் மட்டுமே எழுதியிருந்தால் முதல் உறையைப் போட்டவரைக் கேட்டிருப்பார்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். அந்த உரிமை அஞ்சாமல் புழங்குவதற்கு, அதைப் பயன்படுத்துவது சர்வசாதாரணமாக இருக்க வேண்டும்.

பிறகு அவர் ஒன்று கேட்டார், கடிதம் பிரித்தவருக்கு மட்டுமே தோன்றக்கூடிய கேள்வி: "உறை ஒட்டியிருந்தாலும் மேலே முகவரி இருக்குமே?" இருக்கும். யார், யாருக்கு, எப்போது, எத்தனை முறை என்பதை நாம் ரசீதில் போட்ட கணக்கு மறைப்பதில்லை. நிறுவனத்தின் கொள்கைதான் மறைக்கிறது அல்லது சேர்த்து வைக்கிறது. 2016-இல் அமெரிக்க நீதிமன்ற உத்தரவு வந்தபோது சிக்னலிடம் கொடுக்க இருந்தவை, கணக்குத் தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும்தான். என் செல்போனில் அந்தச் செயலி இருப்பதற்கு இதுதான் காரணம் என்றேன்.

கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. பெரியம்மா நடுவில் நின்று, என்னிடம் பெரியப்பா போலவும் அவரிடம் நான் போலவும் எண் சொல்லியிருந்தால் இருவரும் ஏமாந்திருப்போம். அதைக் கண்டுபிடிக்கத்தான் வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவர் பெயருக்குள்ளும் 60 இலக்கப் பாதுகாப்பு எண் இருக்கிறது. இரண்டு செல்போனையும் மேசையில் வைத்துத் திறந்தோம். ஐந்தைந்தாகப் பன்னிரண்டு கட்டுகள். பெரியப்பா பழைய குரலில், ஒவ்வோர் இலக்கமாக நிறுத்தி வாசித்தார். நான் என் திரையைப் பார்த்து "சரி" என்றேன். ஏழாவது கட்டில் ஓர் இலக்கம் தடுமாறவே மறுபடி வாசித்தார். பன்னிரண்டும் பொருந்தியதும் ரசீதின் ஓரத்தில் பென்சிலால் ஒரு டிக் போட்டு, தேதியையும் எழுதி, கண்ணாடிப் பெட்டிக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.