டயோரமா: உருவம் கால் ஊன்ற ஒரு களம்

ஆறு அங்குல ஸ்பைடர்மேன் உருவம் ஒன்றை வாங்கினால் சில பெட்டிகளில் கூடவே ஒரு பிளாஸ்டிக் தட்டும் இருக்கும். அதில் நிறுத்தினால் நிற்கும், அவ்வளவுதான். அதே உருவத்தை மழையில் நனைந்த ஒரு சந்தில், செங்கல் சுவரோரமாக, ஒரு கால் தரையிலும் ஒரு கால் குப்பைத்தொட்டி மேலுமாக நிறுத்திப் பாருங்கள், இப்போது ஏதோ நடக்கப்போகிறது என்று தோன்றிவிடும். இப்படிக் கையால் செய்து வைக்கிற காட்சியைத்தான் டயோரமா என்கிறார்கள். என் அக்கா மகன் ஒரு வருடமாக இதில் மூழ்கிக் கிடக்கிறான். போன மாதம் வந்து, "மாமா, பள்ளிக்கூடக் கண்காட்சியில வைக்கப்போறேன், அட்டையில தமிழ்ல எழுதணும், டயோரமாவுக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்ததுதான் இது.

முதலில் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். கிரேக்கத்தில் 'தியா' என்றால் ஊடாக, 'ஹொராமா' என்றால் காட்சி. இரண்டையும் சேர்த்தது 1822-இல், பாரிசில். அதற்கு முன்பே ராபர்ட் பார்க்கர் என்பவர் பார்ப்பவரைச் சுற்றி வளையமாக ஓவியம் மாட்டி, அதற்குப் 'பனோரமா' என்ற பெயர் புழக்கத்துக்கு வந்திருந்தது ('பான்' என்றால் எல்லாம், முழுவதும்). அந்த அச்சிலேயே லூயி டாகேரும் சார்ல் மரி பூத்தோனும் தங்கள் புதுக் காட்சிக்கு 'டயோரமா' என்று பெயர் வைத்தார்கள். அன்றைய டயோரமாவில் பொம்மையும் இல்லை, பீடமும் இல்லை. ஏறக்குறைய 22 மீட்டர் அகலம், 14 மீட்டர் உயரத்துக்கு ஒரு மெல்லிய துணி, அதன் முன்பக்கமும், சில ஆண்டுகள் கழித்துப் பின்பக்கமும் ஓவியம். முன்னாலிருந்து வெளிச்சம் விழுந்தால் பகல், அதைக் குறைத்துப் பின்னாலிருந்து விட்டால் அதே இடம் மெல்ல இரவாகும். ஒரு காட்சி முடிந்ததும் மக்கள் இருக்கும் தளமே சுழன்று அடுத்த ஓவியத்துக்கு எதிரே போய் நிற்கும். 1839 மார்ச்சில் அந்தக் கட்டடம் தீப்பிடித்து எரிந்துபோனது. அதே ஆண்டில்தான் டாகேரின் புகைப்பட முறை உலகத்துக்குத் தெரிந்தது. புகைப்பட வரலாற்றில் முதல் பக்கங்களில் வருகிற அதே டாகேர்தான் இவர்.

ஆக, 'ஊடாக' என்ற பகுதிக்கு அன்று பொருள் இருந்தது, வெளிச்சம் நிஜமாகவே துணியை ஊடுருவி வந்தது. இன்று நாம் மேசைமேல் வைக்கிற டயோரமாவில் எதையும் ஊடுருவிப் பார்ப்பதில்லை. அதனால் வேரைப் பிடித்து 'ஊடுகாட்சி' என்று மொழிபெயர்த்தால், பழைய பாரிஸ் துணிக்குப் பொருந்தும், பையன் செய்த சந்துக்குப் பொருந்தாது. பெயர்ப்பலகையை மாற்றாமல் உள்ளே கடையையே மாற்றிவிட்ட சொல் இது.

மாறியது அருங்காட்சியகங்களில். கார்ல் ஏக்லி 1890 வாக்கில் அமெரிக்காவின் மில்வாக்கி அருங்காட்சியகத்துக்காக மஸ்க்ராட் என்ற நீர்வாழ் எலியினத்தைப் பாடம் செய்து (அதாவது தோலைப் பதப்படுத்தி உயிருள்ளதுபோல் ஆக்கி), அவை வாழும் சதுப்பு நிலத்தோடு சேர்த்தே காட்டினார். முன்னால் செடியும் சேறும், பின்னால் வளைந்த சுவரில் ஓவியம், இரண்டும் சேரும் கோடு கண்ணில் படாது. அவர் பெயரில் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1936-இல் திறந்த ஆப்பிரிக்க விலங்குக் கூடத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பிறகு சொல் இன்னும் சிறுத்து, 1/35 அளவு டாங்கிக்கும் சிப்பாய்க்கும் மண் தரை செய்கிறவர்களிடம் வந்து, அங்கிருந்து உருவம் சேகரிப்பவர்களிடம் வந்து சேர்ந்தது.

சரி, தமிழ். 'முப்பரிமாணக் காட்சி' என்று எழுதலாம், ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை. சிலையும் முப்பரிமாணம்தான், செருப்பும் முப்பரிமாணம்தான், இதற்கே உரியது எதையும் அந்தச் சொல் சொல்லவில்லை. நம்மிடம் ஏற்கெனவே டயோரமாக்கள் இருக்கின்றன, அவற்றுக்கு நல்ல பெயர்களும் இருக்கின்றன என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். கிறிஸ்துமசுக்கு வைக்கோலும் களிமண்ணும் வைத்துச் செய்வதைக் 'குடில்' என்கிறோம். குழந்தை இயேசுவைக் கிடத்திய முன்னணையை யாரும் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக்கொண்டு நிற்கவில்லை, காட்சியில் கண்ணுக்குத் தெரிந்த கூரையைப் பெயராக்கிவிட்டார்கள். கொலுப்படிகளுக்குக் கீழே மணல் கொட்டி, கடுகு தூவி முளைக்கவைத்து, கண்ணாடித் துண்டைக் குளமாக்கிச் செய்வதற்குப் பல வீடுகளில் 'பார்க்' என்று பெயர், அதுவும் அப்படித்தான். பெயர் வைக்க வேண்டுமானால் அந்தப் பொருள் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

டயோரமா என்ன செய்கிறது? உருவத்துக்கு ஒரு களம் தருகிறது. போர்க்களம், நெற்களம், ஆடுகளம் என்று எங்கே ஒன்று நடக்கிறதோ அந்த இடம் களம். நிலத்தை வரைந்தால் நிலக்காட்சி, களத்தையே செய்து வைத்தால் களக்காட்சி. டயோரமாவுக்கு என் சொல் அதுதான்: களக்காட்சி. வெறும் தரையும் இரண்டு கல்லும் ஒரு புல்லும் மட்டும் வைத்து உருவத்தைத் தாங்கினால் அதைக் 'காட்சிப்பீடம்' என்று பிரித்துச் சொல்லலாம். சாமி சிலைக்குப் பீடம் என்று சொல்லிப் பழகிய காதுக்கு விளக்கமே தேவைப்படாது.

பெயருக்கு ஏற்றபடி களம் நம்பும்படி இருக்க வேண்டும். பையன் தெர்மாகோல் அட்டையில் செங்கல் கோடு கீறியபோது நம்மூர் அளவைப் போட்டான். ஒன்பது இஞ்ச் நீளம், மூன்று இஞ்ச் உயரம். ஆறடி ஆள் ஆறு அங்குலமாகிற 1/12 அளவுக்குச் சுருக்கினால் 19 மில்லிமீட்டருக்கு 6. ஆனால் ஸ்பைடர்மேன் நிற்பது நியூயார்க் சந்து, அங்கே வழக்கமான செங்கல் எட்டு இஞ்ச் நீளம், இரண்டே கால் இஞ்ச் உயரம், அதாவது 17-க்கு 5. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று நினைப்போம், சுவர் முழுக்க வரிசை கட்டும்போது ஊரே மாறிவிடும். அழித்துவிட்டுப் புது அட்டையில் கீறினான். அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி அட்டைமேல் ஒற்றியெடுத்தால் செங்கலுக்குச் சொரசொரப்பு வரும். ஸ்பிரே பெயின்ட்டை மட்டும் நேராக அடிக்கக் கூடாது, அதிலிருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். தண்ணீர் கலந்த ஃபெவிகாலை முதலில் பூசிக் காயவிட வேண்டும். அப்புறம் நீர்க்கக் கரைத்த கறுப்பு வண்ணத்தை ஓடவிட்டால் இடுக்குகளில் போய்த் தங்கும். வடிகட்டிக் காயவைத்த டீத்தூள்தான் மூலையில் மக்கிய சருகு.

எல்லாவற்றையும்விடப் பாதம் முக்கியம். எவ்வளவு நல்ல சுவர் கட்டினாலும் உள்ளங்காலுக்கும் தரைக்கும் நடுவே மெல்லிய இடைவெளி தெரிந்தால் உருவம் மிதக்கும், காட்சி அங்கேயே செத்துவிடும். உருவத்தின் காலில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, பிளாஸ்டர் இறுகுவதற்குச் சற்று முன்னால் தரையில் அழுத்தி எடுக்க வேண்டும். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைச் செய்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

முடிந்ததும், "இது பீடமா, களக்காட்சியா மாமா?" என்றான். உருவத்தை எடுத்துவிட்டுப் பார், மிச்சம் இருப்பது ஏதாவது சொன்னால் களக்காட்சி, ஒன்றும் சொல்லாவிட்டால் பீடம் என்றேன். எடுத்தான். ஈரம் மின்னும் தரை, சாய்ந்த குப்பைத்தொட்டி, அதன் மூடியில் ஒரு நசுங்கல், கீழே சருகுக்கு நடுவில் ஒரே ஒரு பாதத்தின் தடம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அட்டையையும் பேனாவையும் எடுத்து 'களக்காட்சி' என்று எழுதினான்.