கோகெயினை விட்டால் வவுச்சர்: ஸ்டீபன் ஹிக்கின்ஸ் வகுத்த சிகிச்சை

“போதையை விடுவதற்குக் காசு கொடுப்பதா?” சிறுநீரில் கோகெயின் இல்லை என்று தெரிந்தால் பரிசாக வவுச்சர் தரும் இந்தச் சிகிச்சையைப் பற்றிச் சொன்னதும் குடும்பத்தினர் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. ஆனால் இதில் காசாக எதுவும் நோயாளியின் கைக்குப் போவதில்லை. என்ன, எப்போது, எவ்வளவு என்பதெல்லாம் மருந்துச் சீட்டைப் போலத் துல்லியமாக வரையறுக்கப்பட்டிருக்கும்.

அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் 1990-களின் தொடக்கத்தில் இதைக் கோகெயின் நோயாளிகளிடம் சோதித்தார். கோகெயின் பழக்கத்துக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. கவுன்சலிங் மட்டும் என்றால் பலர் பாதியிலேயே நின்றுவிடுவார்கள்.

அவருடைய அட்டவணை இது. 24 வாரச் சிகிச்சையில் முதல் 12 வாரங்களுக்குத் திங்கள், புதன், வெள்ளி சிறுநீர்ப் பரிசோதனை. முதல் நெகட்டிவ் (கோகெயின் இல்லை என்ற) முடிவுக்கு 2.50 டாலர் மதிப்புள்ள வவுச்சர். அடுத்தடுத்த ஒவ்வொரு நெகட்டிவுக்கும் 1.25 டாலர் கூடும். தொடர்ந்து வரும் ஒவ்வொரு மூன்று நெகட்டிவுக்கும் தனியாக 10 டாலர். 36 மாதிரிகளும் நெகட்டிவ் என்றால் மொத்தம் 997.50 டாலர்.

பாசிட்டிவ் வந்தாலோ, மாதிரி தர வராவிட்டாலோ, வவுச்சரின் மதிப்பு மறுபடி 2.50-க்கு இறங்கிவிடும். அதுவரை சேர்த்ததைப் பறிக்க மாட்டார்கள். பிறகு தொடர்ந்து ஐந்து நெகட்டிவ் தந்தால் விழுந்த இடத்துக்கே ஏறிவிடலாம். இந்த ஏற்பாட்டின் நுட்பமே இங்கேதான் இருக்கிறது. 20-வது மாதிரியின் மதிப்பு 26.25 டாலர், அந்தக் கட்டத்தில் ஒரு முறை சறுக்கினால் இழப்பு உடனே உறைக்கும். அதே சமயம், “எல்லாம் போச்சு, இனி என்ன” என்று சிகிச்சையையே விட்டுவிடாதபடி ஐந்து நெகட்டிவ் தூரத்தில் மீள வழியும் திறந்திருக்கிறது.

வாரம் மூன்று முறை என்பதற்கும் காரணம் உண்டு. கோகெயின் உடலில் சிதைந்து உண்டாகும் பொருள் சிறுநீரில் இரண்டு மூன்று நாட்கள் தென்படும். வாரம் ஒரு முறை மட்டும் பார்த்தால் சனிக்கிழமை எடுத்தது அடுத்த வெள்ளிக்குள் மறைந்துவிடும்; போதை எடுத்த வாரத்துக்கும் பரிசு கிடைக்கும். தினமும் பார்த்தாலோ ஒரே சறுக்கல் இரண்டு மூன்று தோல்விகளாகப் பதிவாகும்.

வவுச்சரைக் கொண்டு பொருளை வாங்கித் தருபவர் சிகிச்சை மைய ஊழியர். மீன்பிடி உரிமம், பனிச்சறுக்கு அனுமதிச் சீட்டு, கேமரா சாமான்கள் என்று போதையில்லாத பொழுதுபோக்குக்கு இழுக்கும் பொருட்களுக்கே முன்னுரிமை. கூடவே கவுன்சலிங்: வேலை தேடுவது, துணைவரோடு உறவைச் சீராக்குவது, போதை எடுக்கும் நண்பர்களைத் தவிர்ப்பது. வவுச்சர் நின்ற பிறகும் தாங்கிப் பிடிப்பது இந்தப் பகுதிதான். செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டப்படுவதும் இதுதான் என்பது வருத்தத்துக்குரியது.

1993-இல் வெளியான 38 பேர் ஆய்வில், வழக்கமான கவுன்சலிங் பெற்றவர்களில் 11 சதவீதம் பேர்தான் 24 வாரச் சிகிச்சையை முடித்தார்கள். ஹிக்கின்ஸ் முறையில் 58 சதவீதம். 1994 ஆய்வில் இரு குழுவுக்கும் ஒரே கவுன்சலிங், ஒரு குழுவுக்கு மட்டும் வவுச்சர். முடித்தவர்கள் 75 சதவீதம். வவுச்சர் இல்லாத குழுவில் 40.

இந்த முறை தோற்கும் இடங்களைப் பார்த்தால் பெரும்பாலும் அட்டவணையைத்தான் கலைத்திருப்பார்கள். முடிவு வந்த அன்றே தராமல் மாதக் கடைசியில் தருவது. மதிப்பைப் பொருட்படுத்த முடியாத அளவுக்குக் குறைப்பது. மது, கஞ்சா, கோகெயின் எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டால்தான் பரிசு என்பது. “பாவம், நல்ல பையன்” என்று ஊழியர் ஒரு பாசிட்டிவைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் இதில் சேரும்.

செலவைக் குறைக்கக் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் நான்சி பெட்ரி குலுக்கல் முறையைக் கொண்டுவந்தார். பரவலான வடிவத்தில் ஒரு கிண்ணத்தில் 500 சீட்டுகள். 250-இல் பாராட்டு மட்டும், 209-இல் ஒரு டாலர் அளவிலான பரிசு, 40-இல் 20 டாலர், ஒன்றே ஒன்றில் 100 டாலர். நெகட்டிவ் தொடரத் தொடர எடுக்கும் சீட்டுகளின் எண்ணிக்கை கூடும். 2011 முதல் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சை பரவியது. 2023-இல் கலிஃபோர்னியா தன் அரசு மருத்துவக் காப்பீட்டின் கீழ் ஆண்டுக்கு 599 டாலர் உச்சவரம்போடு தொடங்கியது.

வீட்டில் செய்து பார்க்க நினைக்கும் பெற்றோருக்கு: பரிசோதனை இல்லாமல் வேண்டாம். கண் சிவந்திருக்கிறது, லேட்டாக வந்தான் என்று சந்தேகத்தை வைத்துப் பரிசை நிறுத்தினால் தினமும் சண்டைதான் மிஞ்சும்.

ஹெராயின் போன்ற ஓபியாய்டு (அபின் வகைப் போதைப்பொருள்) பழக்கத்துக்கு மெத்தடோன், பூப்ரெனார்ஃபின் மருந்துகளே முதன்மைச் சிகிச்சை. வவுச்சர் அவற்றோடு சேர்க்கும் துணை மட்டுமே. நெகட்டிவ் வருகிறதே என்று மருந்தை நிறுத்த வேண்டாம். சில வாரங்கள் விலகியிருந்தாலே உடலின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். அதன்பின் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம்.