படத்தைச் சுருக்கும் முன் மூலப் படத்தைப் பத்திரப்படுத்துங்கள்

"போன்ல பார்த்தா பளிச்சுன்னு இருக்கே, அச்சுல மட்டும் ஏன் இப்படி மங்கலா வருது?"

அச்சு வடிவமைப்பு வேலையில் இருப்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி என் காதில் விழுகிறது. படத்தை அனுப்பும்போதே "இது ஒரிஜினல்தான்" என்று உறுதியாகச் சொல்லியிருப்பார்கள். கோப்பைத் திறந்தால் நீள்பக்கம் 1600 பிக்சல்தான் இருக்கும். கேமராவிலிருந்து வந்த படம் போனில் இடம் போதாமல் எப்போதோ அழிக்கப்பட்டிருக்கும். மிஞ்சியது குடும்பக் குழுவில் பகிர்ந்த வாட்ஸ்அப் நகல் மட்டும். அதை வைத்துக்கொண்டு பெரிய அளவில் அச்சடித்துத் தரச் சொல்லும்போது, முடியாது என்று சொல்வது எனக்கே வருத்தமாக இருக்கும். இந்த இழப்பில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

டிஜிட்டல் படம் என்பது நிறப் புள்ளிகள் நிரம்பிய ஒரு கட்டம். அந்தப் புள்ளிகள்தாம் பிக்சல்கள். 12 மெகாபிக்சல் போன் கேமரா தருவது ஏறத்தாழ 4000×3000 பிக்சல், அதாவது ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகள். அதையே இணையதளத்துக்காக 1200×900 ஆகச் சுருக்கினால் மிஞ்சுவது 10 லட்சத்து 80 ஆயிரம். ஏறத்தாழ பதினொரு பங்கில் பத்துப் பங்கு போய்விட்டது. திரையில் இது கண்ணுக்குத் தெரியாது. அந்த இடத்துக்கு அந்த அளவே போதும். ஆனால் சுருக்கிய படத்தை அதே பெயரில், அதே கோப்பின் மேலேயே சேமித்துவிட்டால், போன பத்துப் பங்கை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

பிக்சல் எண்ணிக்கை, அச்சில் வரும் அங்குலம், கோப்பின் எம்பி என்று மூன்று வேறு கணக்குகள் இருக்கின்றன. இவற்றை ஒன்றாக நினைப்பதில்தான் பாதிக் குழப்பம் பிறக்கிறது. "5 எம்பி படம், தாராளமா பெருசா போடலாம்" என்பார்கள். எம்பி என்பது சுருக்கும் முறையையும் படத்தில் உள்ள விவரத்தையும் பொறுத்தது. நீலவானம் மட்டும் இருக்கும் படம் சில நூறு கேபியில் அடங்கிவிடும். அதே பிக்சல் எண்ணிக்கையில் இலைகள் அடர்ந்த மரத்தின் படம் பல எம்பி வரும். அச்சுக்குத் தேவையான விவரம் இருக்கிறதா என்பதை நீளம், அகலம் இரண்டிலும் உள்ள பிக்சல்களை வைத்துத்தான் கணக்கிட முடியும்.

72, 300 என்னும் எண்கள்

"திரைக்கு 72 டிபிஐ, அச்சுக்கு 300 டிபிஐ" என்று பாடம்போலச் சொல்லிக் கொடுக்கிறார்கள். டிபிஐ என்பது ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகள் என்னும் கணக்கு. அந்தப் பாடத்தின் முதல் பாதி இன்றைக்குப் பொருளற்றது. 1984-இல் வந்த முதல் மேக்கின்டாஷ் திரையில் ஓர் அங்குலத்துக்கு 72 பிக்சல்கள் இருந்தன. அச்சுத்தொழிலிலும் ஓர் அங்குலத்தை 72 புள்ளிகளாக வகுப்பதால் அந்தக் கணக்கு வசதியாகப் பொருந்தியது. அந்தத் திரை போய்ப் பல தலைமுறைத் திரைகள் வந்துவிட்டன. 2010-இல் வந்த ஐபோன் 4-இலேயே அங்குலத்துக்கு 326 பிக்சல். இணையப் பக்கத்தில் ஏறும் படத்துக்குள் 72 என்று எழுதியிருந்தாலும் 300 என்று எழுதியிருந்தாலும் உலாவி அதைப் பொருட்படுத்துவதில்லை. பிக்சல் எண்ணிக்கையை மட்டுமே பார்க்கிறது.

300-க்கு நியாயமான காரணம் உண்டு. ஆஃப்செட் அச்சில் படங்கள் நுண்ணிய மைப்புள்ளி வரிசைகளாக விழுகின்றன. நல்ல வழவழப்பான தாளில் ஓர் அங்குலத்துக்கு 150 வரிசை என்பது பரவலான வழக்கம். அதைப்போல இரண்டு மடங்கு பிக்சல் வைத்துக்கொண்டால் பாதுகாப்பு என்ற கணக்கில் வந்தது 300. செய்தித்தாளில் வரிசைகள் 85 முதல் 100 வரைதான், அதனால் 170 முதல் 200 போதும். கறுப்பு வெள்ளைக் கோட்டோவியத்தையோ கையெழுத்தையோ ஸ்கேன் செய்வதானால் 300 பற்றாது. ஓரங்கள் பல்பல்லாகத் தெரியும். 600-லிருந்து 1200 வரை வேண்டும்.

கணக்கு எளியது: பிக்சலை அங்குலத்தால் வகுங்கள். 300 வேண்டுமானால் 6×4 அங்குல அச்சுக்கு 1800×1200 பிக்சல் தேவை. ஏ4 தாள் முழுவதும் நிரப்ப 2480×3508. வாட்ஸ்அப்பில் வந்த 1600 பிக்சல் படத்தை ஏ4 நீளத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 137 பிக்சல்தான் விழும். முகத்தில் புருவமும் இமையும் ஒன்றோடொன்று கரைந்து நிற்கும்.

இங்கே நடக்கும் ஒரு தவறு என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. அச்சகம் 300 கேட்டது என்று ஃபோட்டோஷாப்பில் படத்தின் அளவுப் பெட்டியைத் திறந்து 72-ஐ அழித்து 300 என்று அடித்துவிடுகிறார்கள். கீழே 'ரீசாம்பிள்' (பிக்சல் எண்ணிக்கையையே மாற்றும்) தேர்வு இயங்கிக்கொண்டிருக்கும். 1600 பிக்சல் படம் உடனே 6667 பிக்சலாக ஊதிப்போகும். கூடுதலாக வந்த பிக்சல்கள் எல்லாம் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து மென்பொருள் உத்தேசமாக நிரப்பியவை. கோப்பு கனக்கும், தெளிவு கூடாது. இதைவிட மோசம், அச்சகத்தின் சோதனை மென்பொருளும் 300 இருக்கிறது என்று அனுமதித்துவிடும். குறைந்த படத்தை உள்ளபடியே அனுப்பியிருந்தால் யாராவது எச்சரித்திருப்பார்கள். ஊதிய படம் அந்த எச்சரிக்கையையும் இல்லாமல் செய்துவிடுகிறது. ரீசாம்பிள் தேர்வை நீக்கிவிட்டு 300 என்று அடித்துப் பாருங்கள். அங்குல அளவு குறையும். அந்தப் படம் உண்மையில் தாங்கக்கூடிய அச்சளவு அதுதான்.

எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பார்கள்?

எல்லா அச்சுக்கும் 300 தேவையில்லை. கையில் பிடித்து ஓரடி தூரத்தில் படிக்கும் தாளில் நம் கண் பிரித்தறியக்கூடிய எல்லை அங்குலத்துக்கு ஏறத்தாழ 300 புள்ளி. பத்தடி தள்ளி நின்றால் அது 30-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. அதனால் பத்தடி அகலப் பதாகைக்கு 300-இல் கோப்பு கேட்பது வீண். 36,000 பிக்சல் அகலத்தில் ஒரு கோப்பைத் திறப்பதற்கே கணினி திணறும். நடைமுறையில் 50 முதல் 100 வரை வைத்துக்கொள்கிறோம், கிட்டே வந்து பார்ப்பவர்களுக்கும் சேர்த்து.

போனில் எடுத்த 4000 பிக்சல் மூலப் படம் அந்தப் பத்தடிப் பதாகையில் அங்குலத்துக்கு 33 பிக்சல் தருகிறது. சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கச் சமாளிக்கலாம். அதே படத்தின் 1600 பிக்சல் நகலில் 13 மட்டுமே. முகம் கட்டம் கட்டமாகத் தெரிவது அப்போதுதான். ஒரே போன், ஒரே படம். அனுப்பிய வழிதான் வேறு.

அனுப்பும் வழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது பிக்சலையும் குறைக்கும், தரத்தையும் குறைக்கும். 2023-இல் எச்டி என்னும் தேர்வு வந்தது. நிலைமை மேம்பட்டிருக்கிறது, ஆனாலும் அது மூலக் கோப்பு அல்ல. ஆவணமாக இணைத்து அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். மின்னஞ்சல் இணைப்பு, டிரைவ் இணைப்பு ஆகியவையும் நல்ல வழிகள். வேர்டு கோப்புக்குள் படங்களை ஒட்டி அனுப்பாதீர்கள். சேமிக்கும்போது அது படங்களைச் சுருக்கிவிடக்கூடும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் எங்களுக்குக் கிடைப்பது உங்கள் திரை அளவிலான ஒரு நகல் மட்டுமே.

மறைந்தவர்களின் படங்கள்தான் மனத்தை அதிகம் பாரமாக்கும் வேலை. தந்தையின் படம் என்று இருப்பது ஒரே ஒரு சின்ன நகல்; அதைச் சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்க வேண்டும் என்பார்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இன்று நொடியில் பெரிதாக்கித் தருகின்றன. தோல் வழவழப்பாகும், கண்ணில் ஒளி வரும், பல்வரிசை சீராகும். ஆனால் அந்தக் கண்ணும் பல்லும் அவருடையவை அல்ல. ஆயிரக்கணக்கான வேறு முகங்களிலிருந்து கற்றுக்கொண்டதை வைத்து அந்த மென்பொருள் கற்பனையாக நிரப்பியவை. வீட்டார் பார்த்ததும் "என்னமோ அவர் மாதிரி இல்லையே" என்பார்கள், காரணம் சொல்லத் தெரியாது. ஒரு நிலக்காட்சிக்கோ சுவர் அலங்காரத்துக்கோ இந்தச் செயலிகளைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். நினைவுப்படத்துக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அடையாளச் சான்றுக்கும் சாட்சியமாகப் போகும் படத்துக்கும் கூடவே கூடாது. சற்றுச் சிறிய அளவில், சுற்றிலும் அகலமான வெள்ளை ஓரம் விட்டுச் சட்டமிட்டால் சின்னப் படமும் கௌரவமாக நிற்கும்.

காகிதப் படமாக இருந்தால் இன்னொரு வழி திறக்கிறது. அதைப் போனில் படமெடுத்து அனுப்புவதைவிட ஸ்கேன் செய்யுங்கள், அதுவும் பெரிதாக்கப்போகும் மடங்கைக் கணக்கிட்டு. இரண்டு அங்குல அகலப் படத்தை எட்டு அங்குலமாக்குவது நான்கு மடங்கு. எனவே 300-ஐ நான்கால் பெருக்கி 1200-இல் ஸ்கேன் செய்ய வேண்டும். பழைய தாளுக்குள்ளேயே விவரம் குறைவாக இருந்தால் 1200-உம் அற்புதம் செய்துவிடாது. ஆனாலும் இருப்பது முழுவதும் கிடைத்துவிடும்.

இணையத்துக்குப் போகும் படம்

இங்கே பிரச்சினை தலைகீழ். தேவைக்கு மேல் பெரிய படத்தை ஏற்றுகிறார்கள். பக்கத்தில் 800 பிக்சல் அகலத்தில் தெரியும் இடத்துக்கு 4000 பிக்சல் படத்தைப் போட்டால், பார்ப்பவரின் டேட்டா செலவாகிறது, பக்கம் ஊர்ந்து திறக்கிறது. பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். பல தளங்களில் அந்த முக்கியப் பகுதி ஒரு படம்தான். இன்றைய அடர்திரைகளுக்காக இரண்டு மடங்கு, அதாவது 1600 பிக்சல் கொடுங்கள். ஜேபெக் (படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் கோப்பு வகை) தரத்தை 75-க்கும் 85-க்கும் இடையில் வையுங்கள். பெரும்பாலான படங்களில் 100-க்கும் 85-க்கும் கண்ணால் வேறுபாடு காண முடியாது, கோப்பு மட்டும் பல மடங்கு இளைத்துவிடும். இணைப்பைப் பகிரும்போது தெரியும் முன்னோட்டப் படத்துக்கு 1200×630, யூடியூப் முகப்புப் படத்துக்கு 1280×720 என்பவை வழக்கமான அளவுகள். சமூக ஊடக அளவுகள் மாறிக்கொண்டே இருப்பதால் மற்றவற்றை அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது.

எழுத்து, கோடு, லோகோ, ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றுக்கு ஜேபெக் பொருந்தாது. அது படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. கூர்மையான ஓரங்களைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல் தெரியும். பிஎன்ஜி பயன்படுத்துங்கள். லோகோவுக்கு முடிந்தவரை எஸ்விஜி அல்லது பிடிஎஃப் வடிவிலான வெக்டர் கோப்பையே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிக்சல் கணக்கே கிடையாது, எந்த அளவுக்கும் பெரிதாகும்.

ஆன்லைன் விண்ணப்பங்களில் "50 கேபிக்குள்" என்று கேட்கும்போது பலர் 4000 பிக்சல் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு தரத்தை மட்டும் இறக்குகிறார்கள். முகம் கட்டங்களாகச் சிதைந்து விண்ணப்பம் திரும்பி வருகிறது. முதலில் பிக்சலைக் குறையுங்கள். 35×45 மில்லிமீட்டர் படம் என்றால் 300-இல் 413×531 பிக்சல். அந்த அளவில் வெட்டிச் சுருக்கிய பிறகு, தரத்தை அதிகம் குறைக்காமலே 50 கேபிக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

விகிதத்தையும் கவனியுங்கள். போன் படம் பெரும்பாலும் 4:3, பெரிய கேமராக்களில் பல 3:2, காணொளி 16:9, 8×10 அச்சு 5:4. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது ஓரத்தில் ஏதோ ஒன்று வெட்டுப்படத்தான் செய்யும். குழுப் படம் எடுக்கும்போது இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு எடுத்தால் யாருடைய தோளும் போகாது. நீள அகலத்தின் பூட்டை அவிழ்த்து இழுத்துப் பொருத்துவது மட்டும் வேண்டாம். முகம் அகன்றோ ஒடுங்கியோ போய்விடும். தாளின் விளிம்புவரை படம் வர வேண்டுமானால் நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வையுங்கள், வெட்டும் இயந்திரத்துக்கு அது தேவை.

வேலையின் வரிசை என்று கேட்டால்: மூலத்திலிருந்து நகல் எடுப்பது, நிறமும் ஒளியும் திருத்துவது, கிராப் (வேண்டாத ஓரத்தை வெட்டுவது), அதற்குப் பிறகு அளவு மாற்றம், கடைசியாகக் கொஞ்சம் கூர்மையேற்றம். சுருக்கும்போது படம் சற்று மென்மையாகிவிடும் என்பதால்தான் கூர்மையேற்றத்தைக் கடைசியில் வைக்கிறோம். ஜேபெக்கைத் திறந்து திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் இறங்கும். இணையத்துக்குச் செய்த நகலை எடுத்து அச்சுக்குத் திருத்தாதீர்கள். ஒவ்வொரு தேவைக்கும் மூலத்திலிருந்தே தொடங்குங்கள். 'மூலம்', 'அச்சு', 'இணையம்' என்று மூன்று கோப்புறைகள் போதும்.

நிறத்தைப் பற்றி ஒன்று: இணையத்துக்கு எஸ்ஆர்ஜிபி, அதாவது திரைகளுக்கான பொது நிறமுறை. அச்சுக்கு சிஎம்ஒய்கே (நான்கு மைகளின் நிறமுறை) ஆக மாற்றுவதை அச்சகத்தைக் கேட்காமல் செய்ய வேண்டாம். திரையில் ஒளிரும் பச்சையும் நீலமும் மையில் அதே பளபளப்போடு வராது. சோதனை அச்சு ஒன்று எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

அளவோடு நேரடித் தொடர்பில்லை என்றாலும், படங்களைப் பொதுவில் வெளியிடும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டியது இன்னொன்று உண்டு. போன் எடுக்கும் படத்துக்குள் எடுத்த நேரமும், அனுமதித்திருந்தால் எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையும் பதிவாகின்றன. அளவை மாற்றினால் அவை தானாக அழிந்துவிடும் என்று நம்ப வேண்டாம். சில மென்பொருள்கள் அவற்றை அப்படியே புதிய கோப்புக்கும் கொண்டுபோகின்றன. வீட்டில் எடுத்த குழந்தையின் படத்தை உங்கள் சொந்த இணையதளத்தில் ஏற்றும் முன் அந்தத் தகவலை நீக்கிவிடுங்கள். வேர்டு, பவர்பாயின்ட் கோப்புகளுக்குள் படத்தை கிராப் செய்தாலும் வெட்டிய பகுதி உள்ளேயே இருக்கும். கோப்பைப் பெறுபவர் ஒரே சொடுக்கில் அதை மீட்டுவிடலாம். மறைக்க வேண்டியது இருந்தால் படத்தைத் தனியாக கிராப் செய்து, புதுக் கோப்பாகச் சேமித்து, அதற்குப் பிறகு ஆவணத்தில் வையுங்கள்.