பச்சை இலையோடு வாடும் தக்காளி

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுப் பின்புறம் மூன்று வருடம் தக்காளி வைத்தேன். காய் பிடிக்கிற நேரத்தில், இலை மஞ்சளாகக்கூட மாறாமல் மத்தியானத்தில் செடி தொங்கிவிடும். சாயங்காலம் கொஞ்சம் நிமிரும். நாலைந்து நாளில் செத்துப்போகும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னபடி, வாடிய தண்டை அறுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் முனை மட்டும் படும்படி பிடித்துப் பார்த்தேன். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போல ஒரு இழை இறங்கியது. அது ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா. வேரிலுள்ள காயம் வழியாக நுழைந்து, தண்ணீர் ஏறும் குழாய்களில் பெருகி, கோந்து போன்ற பொருளைச் சுரந்து அவற்றை அடைத்துவிடுகிறது. மண் ஈரமாக இருந்தும் செடி தாகத்தில் சாவது இதனால்தான். மண்ணில் வருடக்கணக்கில் தங்கும். கத்தரி, மிளகாய், உருளைக்கும் வரும். அவற்றை மாற்றி நட்டும் பயனில்லை.

அதனால் மாடிக்கு, 20 லிட்டர் பைக்கு மாறினேன். தோட்டத்து மண் ஒரு பிடிகூடச் சேர்க்கக் கூடாது. நோய் அதோடு வந்துவிடும்.

தோட்டத்து மண் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நனைந்த ஸ்பாஞ்சைப் படுக்கவைத்துச் சொட்டு நின்றதும், செங்குத்தாக நிறுத்துங்கள், மறுபடி சொட்டும். நுண்துளைகள் குறிப்பிட்ட உயரம்வரைதான் தண்ணீரைப் பிடித்து வைக்கும். பையிலும் அப்படியே, அடியில் ஓர் ஈரப்பட்டை எப்போதும் நிற்கும். நைசான மண்ணில் அது உயரமாக இருக்கும், வேருக்குக் காற்று கிடைக்காது. அடியில் ஜல்லி போட்டால் வடியும் என்பது தவறு. நுண்துளையிலிருந்து பெரிய இடைவெளிக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. ஈரப்பட்டை ஜல்லிக்கு மேலே ஏறி நிற்கும். கரடுமுரடான தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து, உயரமான பையில் நிரப்புவதே சரி. நார்க்கழிவில் உப்பு இருக்கும், முதலில் நன்றாக அலசிவிடுங்கள்.

அப்புறம், தண்ணீரை ஒரே சீராக விடுங்கள். கால்சியம் தண்ணீரோடுதான் காய்க்குப் போகிறது. ஒரு நாள் காய்ந்து ஒரு நாள் நனைந்தால் காயின் அடி கறுத்து அழுகும்.

தரையிலேயே வளர்க்க விரும்பினால், ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் ரகம் இந்த வாடலைத் தாங்கும். இலைச்சுருட்டை வைரஸை மட்டும் பை தடுக்காது. அதைப் பரப்பும் வெள்ளை ஈ மாடிக்கும் பறந்து வரும். தினமும் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.