காய்ச்சல் என்றைக்கு ஆரம்பித்தது?

நோய்ப் பரவலை அளப்பது என்றதும் பெரிய கம்ப்யூட்டரும் புரியாத சூத்திரங்களும்தான் பலர் நினைவுக்கு வரும். என் வேலையில் பாதி நேரம் ஒரே கேள்வியில் போகிறது. "காய்ச்சல் என்றைக்கு ஆரம்பித்தது?"

"நாலு நாள் இருக்கும் டாக்டர்."

"இல்லையே, ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே உடம்பு சுட்டுச்சே" என்பார் பக்கத்தில் நிற்கும் மனைவி. எனக்கு வேண்டியது அந்த ஞாயிற்றுக்கிழமை. பரிசோதித்த தேதி, முடிவு வந்த தேதியெல்லாம் அப்புறம்தான்.

காரணம் இருக்கிறது. அறிகுறி தொடங்கிய நாள்வாரியாக நோயாளிகளை வரிசைப்படுத்தினால் ஒரு வரைபடம் கிடைக்கும். சட்டென்று ஏறி சட்டென்று இறங்கினால், எல்லோருக்கும் ஒரே இடத்தில் தொற்றியிருக்கலாம். அலை அலையாக வந்தால் ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுகிறது என்று சந்தேகிப்போம். ஆனால் இந்தப் படத்தின் வலது ஓரத்தை நம்பவே கூடாது. நேற்று காய்ச்சல் கண்டவர் இன்னும் மருத்துவமனைக்கே வந்திருக்க மாட்டார். அதனால் கடைசி சில நாட்கள் எப்போதும் இறங்குமுகமாகவே தெரியும். வேலைக்கு வந்த புதிதில் அதைப் பார்த்துவிட்டு, "குறைகிறது" என்று ஒரு கூட்டத்தில் சொல்லிவிட்டேன். பத்து நாள் கழித்து அதே தேதிகளுக்கு நேராக எண்ணிக்கை இரண்டு மடங்காகியிருந்தது.

கொரோனா காலத்தில் 'ஆர்' எண் வீட்டுப் பேச்சாகவே ஆகிவிட்டது. ஒரு நோயாளியால் சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றும் என்ற கணக்கு அது. யாருக்கும் எதிர்ப்பு சக்தி இல்லாத கூட்டத்தில் தட்டம்மைக்கு அது 12 முதல் 18 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. சரி, அது வேகத்தைச் சொல்கிறதா என்றால், இல்லை. ஒருவர் இரண்டு பேருக்குப் பரப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 3 நாள் ஆகும் நோயில், 12ஆம் நாள் சுற்றில் 16 பேர் புதிதாக விழுந்திருப்பார்கள். ஒரு சுற்றுக்கே 12 நாள் பிடிக்கும் நோயில் 2 பேர்தான். சராசரி என்பதும் ஏமாற்றும். 2003இல் சார்ஸ் என்ற சுவாச நோய் பரவியபோது சிங்கப்பூரில் பெரும்பாலான நோயாளிகளிடமிருந்து யாருக்கும் தொற்றியதாகத் தெரியவில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரிடமிருந்துதான் பலருக்கும் போயிற்று.

தினசரி எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பதறுபவர்களிடம் நான் கேட்பது, "எத்தனை பேரைப் பரிசோதித்தார்கள்?" 100 பேரில் 10 பேருக்கு இருந்தது, 1,000 பேரில் 50 பேருக்கு இருக்கிறது என்றால் தலைப்புச் செய்தி 'ஐந்து மடங்கு' என்றுதான் வரும். விகிதமோ பாதியாகியிருக்கிறது. அதற்காக நிம்மதியடையவும் முடியாது. முதலில் காய்ச்சல்காரர்களை மட்டும் பரிசோதித்துவிட்டு, பிறகு எல்லோரையும் பரிசோதித்திருந்தால் இரண்டையும் ஒப்பிடவே கூடாது.

எங்களைப் போல யாராவது உங்களிடம் தேதி கேட்டால், மாத்திரை போட்ட நாளைச் சொல்லாதீர்கள், உடம்பு முதலில் சுட்ட நாளைச் சொல்லுங்கள். சரியாக நினைவில்லை என்றால் வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். நாங்கள் காத்திருப்போம்.