எட்டாவது வாரக் குட்டியும் ஒற்றை ஊசி அட்டையும்

பெட் ஷாப் கண்ணாடிக்குப் பின்னால் துள்ளும் நாய்க்குட்டிக்கு எட்டு, ஒன்பது வாரம் இருக்கும். "ஊசி போட்டாச்சு" என்று அட்டையையும் கையில் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்த நான்காம் நாள் அது சாப்பாட்டை முகர்ந்துவிட்டுச் சுருண்டு படுக்கும். அடுத்து வாந்தி, பிறகு ரத்தம் கலந்த கழிச்சல். வாங்கியவர் தான் வைத்த தீனியைச் சந்தேகிப்பார்; கடைக்காரரும் அதையேதான் சொல்வார். ஆனால் இப்படி வரிசையாக வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸை. உடம்பில் புகுந்தபின் அது அறிகுறி காட்ட 3 முதல் 7 நாள், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். ஆக, தொற்று கடையிலோ, வரும் வழியில் வண்டியிலோ, குட்டிகளை ஈனவைத்து விற்கும் பண்ணையிலோ ஏறியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

ஊசி போட்ட குட்டிக்கு எப்படி வந்தது? பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பால் வழியாகத் தாயின் எதிர்ப்பொருட்கள் குட்டிக்குச் சேர்கின்றன. பத்து நாளுக்கு ஒருமுறை அவை ஏறக்குறைய பாதியாகக் குறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் நோயைத் தடுக்கும் அளவுக்கு அவை இருக்காது. ஆனால் தடுப்பூசியில் உள்ள வலுவிழந்த வைரஸை அழிக்கும் அளவுக்கு மிச்சமிருக்கும். அந்த நாட்களில் போட்ட ஊசி வீண். அது எந்த வாரம் என்பது குட்டிக்குக் குட்டி, ஒரே ஈத்துக்குள்ளேகூட, மாறும். அதனால்தான் 6-8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை ஊசி போடுகிறார்கள். அட்டையில் ஒரே ஒரு பதிவு இருந்தால், பாதுகாப்பு தொடங்கியிருக்கலாம் என்பதற்குமேல் அதற்குப் பொருள் இல்லை.

பண்ணை வியாபாரம் குட்டியைக் கைமாற்றுவதும் சரியாக இந்த வாரங்களில்தான். அமெரிக்காவில் எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்பனைக்காக ஏற்றிச் செல்லச் சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே எட்டு வாரம் ஆனதும் ஏற்றுகிறார்கள். பல பண்ணைக் குட்டிகள் தரகரிடம் சேர்ந்து, ஒரே வண்டியில் பல கடைகளுக்குப் போகின்றன. அவற்றில் ஒன்றுக்குப் பார்வோ இருந்தால் போதும், மற்றவற்றுக்கும் பரவிவிடும். பார்வோவுக்குக் கொழுப்பு உறை கிடையாது என்பதால் சோப்பு அதைக் கொல்லாது. கூண்டிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். 1 பங்கு ப்ளீச்சை 30 பங்கு தண்ணீரில் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஈரம் காயாமல் விட்டால் அழியும். பலர் தவறுவது அதற்கு முந்தைய படியில்: அழுக்கைச் சோப்புப் போட்டுத் தேய்த்து எடுக்காமல் மேலே ப்ளீச் ஊற்றினால், அது அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும்.

நோய் வருமுன்பே ஆன்டிபயாடிக் கொடுப்பதும் நடக்கிறது. 2016 முதல் 2018 வரை அமெரிக்காவின் 18 மாநிலங்களில் 118 பேருக்குப் பல மருந்துகளுக்கும் கட்டுப்படாத கேம்பிலோபாக்டர் என்ற குடல் பாக்டீரியாத் தொற்று வந்தது. மூலம் பெட் ஷாப் குட்டிகள். மருந்துப் பதிவு கிடைத்த 149 குட்டிகளில் 142க்கு ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவை நோயே இல்லாமல், முன்கூட்டித் தடுப்பதற்கென்று மட்டும் அதை விழுங்கியவை.

"உரிமம் பெற்ற பண்ணை" என்ற பேச்சில் மயங்க வேண்டாம். அமெரிக்காவில் சட்டம் கேட்கும் கூண்டின் கணக்கு இது: மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அங்குலத்தில் அளந்து, 6 கூட்டி, வர்க்கமாக்கி, 144ஆல் வகுத்தால் வருவது சதுர அடி. 24 அங்குல நாய்க்கு 6.25 சதுர அடி. இரண்டரை அடிக்கு இரண்டரை அடி. விதிப்படி இது போதும்!

அந்தக் கூண்டு குட்டியின் பழக்கத்தையும் கெடுக்கிறது. மூன்று வாரம் ஆனதும் குட்டி படுக்கையை விட்டு நகர்ந்துபோய்க் கழிக்கத் தொடங்கும். யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நகர இடமில்லாத கூண்டில் படுத்த இடத்திலேயே கழித்துப் பழகிவிடும். பிறகு வீட்டில் எத்தனை மாதம் பழக்கினாலும் தன் படுக்கையையே நனைக்கக்கூடும். மனிதரோடும் புதுச் சத்தங்களோடும் எளிதில் பழகும் பருவம் 3 முதல் சுமார் 14 வாரம்வரைதான். அதில் பாதி கம்பிக்குள் போனால், கூச்சமும் பயத்தில் கடிக்கும் பழக்கமும் பிற்காலத்தில் தலைதூக்கலாம்.

இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் 6 முதல் ஆறு மாதம் நிறையாத குட்டியை இடைத்தரகர் விற்கக் கூடாது. வளர்த்தவரிடமே, தாயோடு பார்த்து வாங்க வேண்டும். பிரான்ஸில் 2024 ஜனவரி 1 முதல் கடைகளில் நாய், பூனை விற்கத் தடை. ஏமாற்றுக்காரர்கள் இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்: வேறொரு பெட்டை நாயைத் தாயென்று நிறுத்துவார்கள். அடிவயிற்றைப் பாருங்கள். பாலூட்டிய நாயின் காம்புகள் நீண்டு தொங்கும், குட்டிகளின் நகக் கீறல்கூட இருக்கலாம். குட்டி நெருங்கினால் உறுமி விலகும் நாய்மேல் சந்தேகம் வர வேண்டும். பால் மறந்த குட்டியைத் தாய் தள்ளிவிடுவது இயல்புதான். ஆனால் முன்பின் பார்க்காத குட்டியை முகர்கிற விதமே வேறு.

வயதைப் பல்லில் பார்க்கலாம். எட்டு வாரத்தில் 28 பால் பற்களும் வந்திருக்கும். கடைவாய்ப் பற்கள் இன்னும் ஈறைக் கிழித்துக்கொண்டிருந்தால் வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள் என்று பொருள். மிகச் சிறிய இனங்களில் மட்டும் கொஞ்சம் தாமதமாகும். ஊசி அட்டையில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், தொகுதி எண், தேதி, மருத்துவர் கையெழுத்து நான்கும் வேண்டும். தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப் என்ற அடையாளச் சில்லின் எண்ணைக் காகிதத்தில் படிக்காமல், ஸ்கேனரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சர்வதேசத் தரத்தில் அது 15 இலக்கம்.

வாங்கியாயிற்றா? 48 மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவரிடம் காட்டி, மலத்தில் புழுவும், ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியும் உண்டா என்று சோதனை செய்து அறிக்கையை எழுத்தில் வாங்குங்கள். பின்னால் கடையோடு வழக்கென்று வந்தால் நிற்பது அந்தத் தேதிதான். சோர்ந்தால் ஈறை விரலால் அழுத்தி விடுங்கள்: வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். அதற்குமேல் நேரமானாலோ, ஈறு ஒட்டிக்கொண்டு பிசுபிசுத்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.