புகைக்குழாய் முனையில் தீ எரிவது எப்படி?

1950-களின் கலிபோர்னியாவில், பழைய ஃபோர்டு கார்களைப் பிரித்துத் தம் விருப்பப்படி மாற்றிக் கட்டிய ஹாட் ராட் ஆர்வலர்களிடையே ஒரு வேடிக்கை பரவியிருந்தது. இரவில் ஓடிக்கொண்டிருக்கும் காரின் புகைக்குழாயிலிருந்து திடீரென்று தீ சீறிக்கொண்டு நீளும். எஞ்சினுக்குள் எரியும் தீதான் குழாய் வழியே வெளியே பாய்கிறது என்று பார்ப்பவர் எண்ணுவார். ஆனால் அந்த நொடியில் எஞ்சினுக்குள் தீயே இருப்பதில்லை.

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். அந்த விகிதத்தில் எரிந்து வெளியேறும் புகையில் பெரும்பாலும் நைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, நீராவி ஆகியவையே இருக்கும். எரிய எரிபொருளும் மிஞ்சாது, எரிக்க ஆக்சிஜனும் மிஞ்சாது. அதற்குள் எத்தனை பொறி வைத்தாலும் பற்றாது. ஆகவே, தீ வேண்டுமென்றால் பெட்ரோலை எரியாமலேயே குழாய் வரை கொண்டுவர வேண்டும்.

இதற்கு அவர்கள் வீட்டுக் கொட்டகையிலேயே கண்ட வழி எளிமையானது. கார் வேகமாக ஓடும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, தனியாக வைத்த சுவிட்சினால் எஞ்சினின் தீப்பொறியை நிறுத்துவார்கள். கார் கியரில் இருப்பதால் சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். பிஸ்டன்கள் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையை உறிஞ்சி, எரிக்காமல் அப்படியே வெளியே தள்ளும். எஞ்சின் வெறும் பம்பாகிவிடுகிறது. எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் என்ற மடல் மூடியிருப்பதால் அதற்குப் பின்னால் அழுத்தம் வெகுவாகக் குறைந்து, கார் நிற்கையில் எஞ்சின் ஓடப் பெட்ரோல் தரும் ஐடில் துளை வழியே பெட்ரோல் தாராளமாக இழுபடும். காற்று வரும் வழியைக் குறுக்கும் சோக்கையும் இழுத்தால் கலவை மேலும் செறியும். குழாய் முனைக்குச் சற்று உள்ளே பொருத்தப்பட்ட ஸ்பார்க் பிளக் அந்தக் கலவையைக் கொளுத்தும். அந்தப் பிளக்குக்கு மின்சாரம் தர, 1927-இல் உற்பத்தி நின்றுபோன ஃபோர்டு மாடல் டி காரின் காயிலை, அதாவது பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தம் தரும் கம்பிச்சுருளை, சிலர் பயன்படுத்தினர். தானே அதிர்ந்து இடைவிடாமல் பொறி உதிர்க்கும் அந்தப் பழங்காலக் காயில், இந்த வேலைக்கென்றே செய்தது போல் பொருந்தியது.

தீ ஏன் குழாய்க்குள் திரும்பி ஓடிவிடுவதில்லை என்பதுதான் இதில் சுவையான பகுதி. அசையாமல் நிற்கும் பெட்ரோல்-காற்றுக் கலவைக்குள் தீயின் முகப்பு நொடிக்கு ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் வேகத்தில்தான் முன்னேறும். கலவை சுழன்று கலங்கினால் அந்த வேகம் கூடும் என்றாலும், குழாயில் வாயு நொடிக்குப் பல மீட்டர் வேகத்தில் எதிரே வருவதால் தீ முனையிலேயே நிற்க நேர்கிறது. கார் மெதுவாகி வாயுவோட்டம் தளர்ந்தால் நிலைமை மாறிவிடும். கேஸ் அடுப்பைச் சிறிதாக்கும்போது சில நேரம் 'பக்' என்ற ஒலியுடன் தீ பர்னருக்குள் இறங்குகிறதே, அதே நிகழ்வுதான் இதுவும். வேறுபாடு என்னவென்றால், இங்கே அது சென்று சேரும் இடம் எரியாத கலவை நிறைந்திருக்கும் சைலன்சர். அது வெடித்துத் தகடு கிழிந்துவிடும்.

காற்றில் பெட்ரோல் ஆவியின் பங்கு 1.4 முதல் 7.6 விழுக்காட்டுக்குள் இருந்தால்தான் பற்றும். அதைவிடச் செறிவான கலவை குழாய்க்குள் எரியாது. வெளிக்காற்றோடு கலக்கும் ஓரத்தில்தான் எரியத் தொடங்கும். ரசிகர்கள் விரும்பும் நீண்ட மஞ்சள் தீ இத்தகைய செறிவினால் வருவது. காற்றுப் பற்றாக்குறையால் உருவாகும் கரித்துகள்கள் சூடேறி ஒளிர்வதே அந்த மஞ்சள் நிறம். அளவாகக் கலந்த கலவை நீலமாக, குட்டையாக எரியும். எரிபொருள் முழுமையாக எரிவதற்கு அதுதான் அடையாளம் என்றாலும், வேடிக்கை பார்க்கக் கூடியவர்களுக்கு அது ஏமாற்றமே.

1975-ஆம் ஆண்டு மாடல் கார்கள் முதல் அமெரிக்காவில், புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி (catalytic converter) பரவலாக வந்தது. எரியாத பெட்ரோல் அதன் சூடான பரப்பில் தீச்சுடர் இல்லாமலேயே எரிந்து, உள்ளிருக்கும் பீங்கான் தேன்கூட்டை உருக்கி வழியை அடைத்துவிடும். பிறகு வந்த எரிபொருள் செலுத்தும் கணினியோ, வேகத்தில் போகும்போது கால் எடுத்தவுடன் பெட்ரோலையே நிறுத்திவிடுகிறது. அத்தகைய காரில் அந்தப் பழைய சுவிட்சைப் பொருத்திப் பார்த்தால் குழாய் முனைக்கு வந்து சேர்வது வெறும் காற்றுதான்.